பதினேழாவது கடிதம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் வைத்த பெயர் மிளகாய் மேடம். முகத்துக்கு நேரே கூப்பிட்டிருந்தாலும் நான் ஒன்றும் கோபித்திருக்க மாட்டேன். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை போன பிறகு இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்தேன். வலை வழியாகப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எட்டு வார கோர்ஸ். பேசிப் பாடம் பதிவு செய்வது, விடையைத் தொட்டால் சரியா தப்பா என்று தானே சொல்லும் கேள்விப் பக்கம் செய்வது, இப்படி வாரத்துக்கு ஒன்று. எல்லாம் அவரவர் வீட்டிலிருந்தே. பாதிப் பேருடைய முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

நாற்பது பேர் சேருவார்கள். நாலாம் வாரம் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். எல்லாம் ஆரம்ப சூரத்தனம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மாமியாருக்கு முட்டி வலி, கரண்ட் இல்லை, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. எத்தனை போன்தான் தண்ணீரில் விழும்? என்னுடன் ஒரே அறையில் உட்காரும் கம்ப்யூட்டர்காரிதான் வழி சொன்னாள்.

“அக்கா, நீங்க ஏன் தொண்டைய வேஸ்ட் பண்றீங்க? லெட்டரா எழுதிக் குடுங்க. மூணு நாள் யார் பாடத்தைத் திறக்கலையோ, அவங்களுக்கு மறுநாள்லேருந்து தினம் காலைல பத்து மணிக்கு ஒரு லெட்டர் தானா போகும். பேர் கூட அதுவே போட்டுக்கும்.”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்வதைத் திருந்தச் செய் என்பார்களே, அப்படிச் செய்தேன். மெஷின் எழுதியது என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. என் வாய் எப்படிப் பேசுமோ அப்படியே எழுதினேன். ‘என்ன டீச்சர், ஆளையே காணோம்? அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனீர்களா?’ என்பது முதல் கடிதம். ‘சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா? உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி எழுதுங்கள்’ என்று நாலாவது. ‘என் மேல் கோபமா? எனக்கு வாய்தான் காரம், மனசு அப்படி இல்லை’ என்று ஒன்பதாவது. பதினேழு கடிதத்தோடு என் சரக்கு தீர்ந்தது. கடைசியை எழுதிய அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. அந்த எரிச்சலில் எழுதினேன். ‘சரி டீச்சர், போதும். இதற்கு மேல் இழுத்துப் பிடிப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. விட்டுவிடுங்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். இத்துடன் முடித்துக்கொள்வோம்.’

கம்ப்யூட்டர்காரி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“அக்கா, லெட்டருக்குக் கீழ ‘பதில் எழுது’ன்னு ஒரு பட்டன் வரும். பதில் வந்தா எங்க போகணும்? உங்க மெயிலுக்கா?”

“ஐயையோ, வேணாம்மா! சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. எங்கயாவது ஒரு மூலைல கொட்டு.”

கொட்டினாள். அதற்கு ‘பதில் பெட்டி’ என்று பெயரும் வைத்தாள். அதை அவளும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இந்தத் தந்திரம் எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், அதையே ஆறாம் வாரப் பாடமாக வைத்தேன். உங்கள் மாணவர்களுக்கும் இப்படித் தானாகப் போகும் கடிதம் தயார்செய்யுங்கள் என்று, என் பதினேழையும் உதாரணமாகக் காட்டி நடத்துவேன். அதனால் ஆறாம் பாடம்வரை வந்தவர்கள் எல்லாருக்கும் குட்டு தெரியும்.

போன தடவை சேர்ந்தவர்களில் ஒருத்தி, ரெண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். எதை எழுதினாலும் ‘ஏன் மேடம்’ என்றுதான் ஆரம்பிப்பாள். நான் அவளுக்கு ‘ஏன்’ டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். கேள்விப் பக்கம் செய்யும் வாரத்தில் ஒன்று கேட்டாள்: ‘ஏன் மேடம், பிள்ளைங்க தப்பான விடையத் தொட்டா சிவப்புப் பெருக்கல் குறி வருதே, அதை மாத்த முடியாதா? என் வகுப்புல ஒருத்தி சிவப்பைப் பார்த்தாலே அழுதுடுறா.’

‘முடியாது. அடுத்த வேலையைப் பாருங்கள்’ என்று பதில் போட்டேன். அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை.

ரெண்டு நாளில் அவளே மாற்றிவிட்டாள். எங்கே நோண்டினாளோ தெரியாது, சிவப்புக் குறி வரும் இடத்தில் ஒரு பூனை கொட்டாவி விட்டது. ‘ம்ஹூம், இன்னொரு தடவை பாரேன்’ என்று அவளுடைய குரலே பூனைக்குப் பேசியது. கம்ப்யூட்டர்காரி அதைப் பார்த்துவிட்டு, “இவங்க என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க போல” என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாராட்டி ஒரு வார்த்தை எழுதினேனா என்றால் இல்லை.

ஐந்தாம் வாரத்தோடு அவள் நின்றுவிட்டாள். என் திரையில் அவள் பெயருக்கு நேரே இருந்த பச்சை, மஞ்சளாகி, சிவப்பாகியது. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. நல்லா செய்றவளும் இப்படித்தானா என்று மனதுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். கோர்ஸ் முடிந்தது. வந்தவர்களுக்குச் சான்றிதழ் போயிற்று. பக்கத்தையும் மூடினோம்.

அதற்கப்புறம் ஒரு நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறேன், என் மேஜைக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டை, மார்பில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் முத்திரை, கை ரேகைக்குள்ளெல்லாம் கிரீஸ் கறுப்பு.

“லிஃப்ட் கிழக்குப் பக்கம்பா. இங்க இல்ல” என்றேன்.

“லிஃப்ட் பார்க்க வரல மேடம். நீங்கதான மிளகாய் மேடம்?” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கோங்க. வீட்ல அப்படியே பேசிப் பேசி வாயில வந்துடுச்சு.”

எந்த வீட்டில் என்று கேட்டேன். ‘ஏன்’ டீச்சரின் புருஷன் என்று தெரிந்தது. “எங்க போனா உங்க வீட்டம்மா? பாதியில விட்டுட்டு ஓடிட்டாளே!” என்று என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

“இறந்துட்டா மேடம். நேத்தோட நாப்பத்தொரு நாள் ஆச்சு.”

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரையும் உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர்காரிதான் எழுந்து வந்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

ரத்தத்தில் வந்த நோய். காய்ச்சல் என்று போனவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிறகு வெளியே வரவே இல்லை. அவர் அதையெல்லாம் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஏற்கனவே பல பேரிடம் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள். ஆனால் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது.

“உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன் மேடம். மொதல்ல எல்லாரும் வந்தாங்க, பார்த்தாங்க. போகப் போக ஒருத்தரும் இல்ல. அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு. குறை சொல்ல முடியாது. நீங்க ஒருத்தர்தான் தினமும் எழுதினீங்க. பத்து மணி ஆனா போன் அடிக்கும். ‘வந்துட்டாங்க’ன்னு சொல்லுவா. ஊசி போட வந்த நர்ஸைக்கூட ‘கொஞ்சம் இருங்க, எங்க மேடம் வந்துட்டாங்க’ன்னு நிறுத்துவா. ‘அவங்களுக்கு நாப்பது பேர் இருக்காங்க, அதுல என்னை தினம் தேடுறாங்க பாரு’ன்னு என்கிட்ட பெருமையடிப்பா.”

கம்ப்யூட்டர்காரி தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் அசையவில்லை.

“எழுதினேன்” என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ரெண்டு விஷயம் மேடம்” என்றார் அவர். “அவ கோர்ஸ்ல நாலு பாடம் பதிவு பண்ணா. போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். அவ குரல் வேற எதுலயும் இல்ல மேடம். கல்யாண வீடியோல கூடப் பேசவே இல்ல, சும்மா சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எங்க பொண்ணுக்கு ஆறு வயசு. ‘அம்மா பூனை மாதிரி பேசுவாளே, அதைப் போடுப்பா’ன்னு தினமும் கேக்குறா. உங்க பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன், கோர்ஸ் முடிஞ்சுதுன்னு வருது. அந்த நாலையும் எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்.”

“அதுக்கென்ன, இப்பவே எடுத்துத் தரேன்” என்றேன். ஏதாவது ஒன்று கொடுக்க முடிகிறதே என்று எனக்கு மூச்சு வந்தது. “இன்னொண்ணு?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “கடைசில நீங்க நிறுத்திட்டீங்க. அதுக்கு மொத நாள் அவ உங்ககிட்ட ஏதோ கேட்டிருக்கா. மத்ததெல்லாம் அவ சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிப்பேன். அதை மட்டும் கை நடுங்க நடுங்க அவளே அடிச்சா. என்னன்னு கேட்டா, ‘இது டீச்சருக்கும் டீச்சருக்கும்’னு சொல்லிட்டா. மறுநாளும் உங்க லெட்டரைப் படிச்சுட்டு, போனை என்கிட்ட குடுக்காம அவளே என்னவோ தட்டினா, அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கேக்கக்கூடாததக் கேட்டுட்டாளா மேடம்? உங்களுக்குக் கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல” என்றேன். “ஒரு நிமிஷம் இருங்க.”

கம்ப்யூட்டர்காரியின் மேஜைக்குப் போய், ‘ஏன்’ டீச்சரின் பாடங்களைத் திறக்கச் சொன்னேன். பெயர் இருந்தது. அதற்குக் கீழே பாடங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை.

“யாரு அழிச்சது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“அவங்களேதான் அக்கா” என்று கிசுகிசுத்தாள். “பதினேழாவது லெட்டர் போன அன்னிக்கு, பத்து இருபதுக்கு.”

“அந்தப் பெட்டியைத் திற.”

பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள் கிடந்தன. ஒன்றுகூடப் படிக்கப்படாதவை. அவள் பெயரைப் போட்டுத் தேடியதும் பதினேழு வரிசையாக வந்து நின்றன. ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடாமல் விடவில்லை அந்தப் பெண்.

முதல் பதில்: ‘பால் எல்லாம் பொங்கல மேடம். ஆஸ்பத்திரில இருக்கேன். ரெண்டு நாள்ல வந்துடுவேன். என் இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க.’ நாலாவது: ‘ரெண்டு வாய் சாப்பிட்டேன். தூக்கம் இல்ல. நீங்க கேட்டதும் அழுகை வந்துடுச்சு. இங்க எல்லாரும் ரிப்போர்ட்டைத்தான் பாக்குறாங்க, சாப்பிட்டியான்னு கேக்கல.’ ஒன்பதாவது: ‘உங்க மேல கோவமா? ஏன் மேடம் அப்படிக் கேக்குறீங்க? நீங்க முடியாதுன்னு சொன்னதாலதான் அந்தப் பூனையே வந்தது.’

பதினாறாவது பதிலில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. கூட்டிப் படித்தேன்.

‘ஏன் மேடம், ஒண்ணு கேக்கவா. நான் தேற மாட்டேன். யாரும் சொல்லல, ஆனா தெரியுது. என் பாடத்தை அடுத்த வருஷமும் வகுப்புல போடலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க. என் பொண்ணும் அதே வகுப்புக்கு வரப்போறா. செத்துப்போனவங்க குரல்ல குழந்தைங்க பாடம் கேக்கலாமா? பயப்படுவாங்களா? என் பொண்ணு மனசு உடைஞ்சுடுமா? வெச்சுக்கவா, அழிச்சிடவா? இவர்கிட்ட கேட்டா அழுவார். மத்தவங்க பொய் சொல்வாங்க. நீங்க முகத்துக்கு நேரா சொல்றவங்க. நாளைக்குச் சொல்லுங்க. அதுக்கப்புறம் என் கை ஓடாது.’

மறுநாள் காலை பத்து மணிக்கு என் பல்வலி அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. சரி டீச்சர், போதும். இழுத்துப் பிடிப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. விட்டுவிடுங்கள்.

அதற்குக் கீழே அவளுடைய கடைசி பதில் இருந்தது. ‘சரி மேடம். நாலையும் அழிச்சிட்டேன். உண்மையைச் சொன்னதுக்கு நன்றி.’

அடிப்பாவி, இவ்வளவு நம்பினாயா என்னை? அந்த நிமிடத்தில் அவள்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. ஆறாம் பாடம்வரை வந்திருந்தால் தெரிந்திருக்குமே! ஒரே ஒரு பாடம். அதற்குள் என்ன அவசரம் உனக்கு? அப்புறம் அந்தக் கோபம் எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

“திருப்பி எடுக்க முடியாதாம்மா?”

“அழிச்சது முப்பது நாள் குப்பைல இருக்கும் அக்கா. இது அம்பதாவது நாள்.” அவள் கண் கலங்கியிருந்தது. “நடுவுல எப்பவாவது ஒரு தடவை இதைத் திறந்திருந்தா…”

“சொல்லாதே” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலி நுனியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி காத்திருந்தார். ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிஸ்டம் பழுதாகிவிட்டது, எல்லார் பாடமும் போய்விட்டது என்று சொல்லலாம். தினமும் நான்தான் எழுதினேன், அந்தக் கடைசி நாள் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அவர் நம்புவார், வந்ததே நம்பித்தான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் என்று ஒருத்தி என்னை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு நான் ஒரு தடவையாவது அப்படி இருக்கவேண்டும்.

போய் அவருக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் நான் எழுதியதுதான், ஆனால் அவளுக்கு எழுதியதில்லை, மெஷின் அனுப்பியது என்று சொன்னேன். அவள் பதில் எதையும் இன்றுவரை ஒருத்தரும் படிக்கவில்லை என்று சொன்னேன். அவள் கேட்டது என்ன, என் பதினேழாவது கடிதம் அவளுக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது, அவள் என்ன செய்தாள் என்பதையும் சொன்னேன். பாடம் இல்லை, இனி வராது என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தொப்பியின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தார்.

“லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கறவங்க பட்டனை அமுக்குவாங்க மேடம்” என்றார் கடைசியில். “சில கட்டடத்துல பதிவு பண்ணின குரல் வரும். ‘பயப்பட வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது’ன்னு. யாருக்கும் தகவலே போயிருக்காது. ஆனா அது சொல்லிக்கிட்டே இருக்கும். உள்ள இருக்கறவங்க அதை நம்பிக் கத்தாம உக்காந்திருப்பாங்க. நான் ரிப்பேருக்குப் போனா மொதல்ல அதைத்தான் கழட்டுவேன்.”

என் கண் பதில் பெட்டி திறந்திருந்த திரைக்குப் போயிற்று.

“ஆனா அவ சந்தோஷமா இருந்தா மேடம்” என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. “பத்து மணிக்கு அவ சந்தோஷமா இருந்தா. அதை நான் இப்போ என்ன பண்றது? அதுவும் பொய்யா?”

அழுதார். பெரிய ஆள், கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை கம்ப்யூட்டர்காரி திறந்து அவர் கையில் கொடுத்தாள். குடித்துவிட்டு, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அவள் எழுதிய பதினேழு பதிலையும் காகிதத்தில் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். பிரின்டர் ஓடி முடியும்வரை அதன் பக்கத்திலேயே போய் நின்றார். ஒவ்வொரு தாளாக எடுத்து, விளிம்பு பார்த்து அடுக்கினார்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“அவ கேட்டாளே, அதுக்கு நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? படிச்சிருந்தா?”

“அழிக்காதேன்னு சொல்லியிருப்பேன்.”

“அதை எழுதுங்க மேடம்.”

“யாருக்கு?”

“அவ கேட்டா இல்ல, அவளுக்கு. பதில் வராமலே இருக்கக்கூடாது.”

கம்ப்யூட்டர்காரி எழுந்து தன் நாற்காலியை எனக்கு விட்டாள். பதினாறாவது பதிலுக்குக் கீழே இருந்த வெள்ளைக் கட்டத்தில் நான் எழுதினேன். பெயரை நானே, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ‘அழிக்காதீர்கள் டீச்சர். குழந்தைகள் பயப்பட மாட்டார்கள். உங்கள் பெண் அழுவாள், அழுதுகொண்டே கேட்பாள், பூனை வந்ததும் சிரிப்பாள். பூனை ரொம்ப நன்றாக இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும்.’ அனுப்பு என்பதை அழுத்தினேன்.

வாசலில் நின்றவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவளுடைய போன். அவர் அதை எடுக்கவில்லை, கையை மட்டும் மேலே வைத்து அழுத்திக்கொண்டார்.

“வந்துட்டாங்க” என்றார், பைக்குள் பார்த்து.